கழுத்துல கட்டி, கையில ரெண்டு ஐபி நம்பர்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தது இது. எனக்கு ஊரு காவேரிப்பட்டணம் பக்கம், வேலை ஓசூர்ல, கான்ட்ராக்ட்ல. 24 வயசுல கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு, வலியே கெடையாது, ஆனா ராத்திரியில பனியனைப் பிழியற அளவுக்கு வேர்க்கும், உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு கிளினிக்ல காட்டினேன், டிபியா இருக்கும்னு மாத்திரை போட்டாங்க, ரெண்டு மாசம் முழுங்கினேன், மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போச்சு, கட்டி மட்டும் பெருசாகிட்டே இருந்துச்சு. அப்புறம் கட்டியை முழுசா வெட்டி எடுத்து பயாப்ஸி பண்ணினப்போதான் ஹாட்ஜ்கின் லிம்போமான்னு, அதாவது நெணநீர்க் கட்டில வர்ற ஒரு வகை கேன்சர்னு, வந்துச்சு. ஊசி குத்தி எடுக்கற டெஸ்ட்ல இது சில நேரம் தெளிவா தெரியாதாம். மாத்திரைக்கு கட்டி கரையலன்னா முழு பயாப்ஸி வேணுமான்னு வாயத் தொறந்து கேட்டுடுங்க.

சம்பளம் 21,000க்குள்ள இருந்ததால எனக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கு, பிடிச்சாங்க. இஎஸ்ஐ டிஸ்பென்சரில ரெஃபரல் போட்டு சேலத்துல ஒரு டை-அப் (இஎஸ்ஐயோட ஒப்பந்தம் போட்ட) ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. (இஎஸ்ஐ இல்லாதவங்க, வீட்டு வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டு கார்டுக்கு விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு கலெக்டர் ஆபீஸ் போங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு.)

கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எக்கோ, நுரையீரல் டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. கடைசியா டாக்டர் "கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னு கேட்டாரு, இல்லன்னேன், "அப்போ விந்து சேமிச்சு வெச்சுக்கறது நல்லது, உனக்குப் போடற மருந்துல குழந்தை பொறக்கறதுக்குப் பாதிப்பு கம்மிதான், ஆனா நோய் திரும்பி வந்து பெரிய மருந்து போட வேண்டி வந்தா அப்போ யோசிக்க நேரம் இருக்காது"ன்னாரு. எங்கப்பா பக்கத்துலயே உக்காந்திருக்காரு. எனக்கு காது ரெண்டும் சூடாயிடுச்சு. திரும்பி வர்ற பஸ்ல தொப்பூர் கணவாய் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல, அவரு ஜன்னலப் பாக்கறாரு, நான் செல்லப் பாக்கறேன். லாரி ஒண்ணு குறுக்க நின்னு டிராபிக் ஜாம் ஆச்சு, அப்போதான் மெதுவா, "ஏம்ப்பா, அது வெத ராகி எடுத்து வெக்கற மாதிரியா?"ன்னாரு. "ஆமாப்பா"ன்னேன். "அப்போ எடுத்து வெச்சுடு, வெதைய வித்துத் திங்கக் கூடாது"ன்னாரு. அதோட முடிஞ்சுது. அடுத்த ரெண்டு நாள்ல தனியார் சென்டர் ஒண்ணுல குடுத்துட்டு வந்தேன், வருஷா வருஷம் வாடகை மாதிரி பணம் கட்டணும். பொண்ணுங்களுக்கும் முட்டை சேமிக்கற வழி இருக்கு, ஆனா அதுக்கு நாள் கூடுதலா ஆகும், அதனால முதல் கீமோ போடறதுக்கு முன்னாடியே கேக்கணும். டாக்டரே சொல்லுவாருன்னு காத்திருக்காதீங்க, எனக்கு சொன்னாரு, என் கூட கீமோ போட்டுக்கிட்ட ரெண்டு பேருக்கு யாருமே சொல்லல.

கீமோ பதினஞ்சு நாளைக்கு ஒருதரம், மொத்தம் 12. அதுல ஒரு மருந்து செவப்பு கலர், போட்ட அன்னிக்கு மூத்திரமும் செவப்பாதான் போகும், பயந்துடாதீங்க. இன்னொண்ணு வெளிச்சம் படக்கூடாதுன்னு கறுப்பு கவர் போட்டு மாட்டுவாங்க, அதுதான் நரம்பெல்லாம் எரிய விட்டது. மாம்பழ சீசன்ல வீட்டுல செந்தூரா குவிஞ்சு கெடந்தப்போ அம்மா நல்லா கழுவி தோல் சீவி குடுத்தாதான் சாப்பிடணும், கடையில வெட்டி வெச்ச பழம் கூடவே கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லியிருந்தாங்க.

ஆஸ்பத்திரில ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. குழந்தைங்க வார்டுல சுவத்துல படம், பொம்மை, விளையாட்டு சொல்லிக் குடுக்க ஆளுங்க. நாங்க கீமோ போட்டுட்டு அன்னிக்கே வீட்டுக்குப் போற டே-கேர்ல முக்கால்வாசி அம்பது அறுபது வயசுக்காரங்க, என்னைப் பாத்து "யாருக்கு தம்பி துணைக்கு வந்திருக்க?"ன்னுதான் கேப்பாங்க. 15ல இருந்து 39 வயசு வரைக்கும் கேன்சர் வர்றவங்கள தனி குரூப்பா பாக்கணும்னு டாக்டருங்களே சொல்றாங்க, ஏன்னா வேலை, படிப்பு, கல்யாணம், குழந்தை எல்லாம் ஒரே நேரத்துல மாட்டிக்கும். இங்க எங்களுக்குன்னு இருந்தது பக்கத்து சேர்தான்.

அந்த சேர்ல இருந்த அக்கா ஆத்தூர் பக்கம், 31 வயசு, மார்புல கேன்சர். மூணாவது கீமோ அன்னிக்கு நான் ரிசைன் லெட்டர் டைப் பண்ணிட்டு இருக்கேன், கான்ட்ராக்டரோட சூப்பர்வைசர் "எழுதிக் குடுத்துடு தம்பி, நல்லாயிட்டு வா பாத்துக்கலாம்"னு சொல்லியிருந்தாரு. அக்கா எட்டிப் பாத்துட்டு "டேய், அனுப்பிட்டியா? அனுப்பாத"ன்னு ஒரே சத்தம், நர்ஸ் திரும்பிப் பாத்தாங்க. அப்போதான் தெரிஞ்சுது, இஎஸ்ஐ வைத்தியத்துக்கு மட்டும் இல்ல, வேலைக்குப் போகாத நாளுக்கு காசும் குடுக்கும். முதல் 91 நாளுக்கு சம்பளத்துல 70 சதவீதம், அப்புறம் கேன்சர் மாதிரி நீண்ட நாள் நோய்ன்னா 80 சதவீதம், அதிகபட்சம் 2 வருஷம் வரைக்கும். அந்த காசு வாங்கற காலத்துல வேலைய விட்டுத் தூக்கவும் கூடாது, சட்டத்துலயே இருக்கு. நாமளா ரிசைன் பண்ணிட்டா அந்தப் பிடி போயிடும்.

ஆனா 80 சதவீதத்துக்கு 2 வருஷம் தொடர்ச்சியா வேலையில இருந்திருக்கணும், அதுல 156 நாளாவது காசு கட்டியிருக்கணும். நான் இருந்தது 2 வருஷம் 3 மாசம், நடுவுல கான்ட்ராக்டர் மாறினப்போ புது ஆளு பழைய ஐபி நம்பர (இஎஸ்ஐல ஆளுக்கு ஒண்ணுன்னு குடுக்கற பதிவு நம்பர்) கேக்காம புதுசா ஒண்ணு போட்டுட்டான். ரெண்டு நம்பர், ரெண்டுமே அரைகுறை. பிராஞ்ச் ஆபீஸ்ல ரெண்டையும் ஒண்ணாக்க ஆதார், ரெண்டு கம்பெனி சம்பள ஸ்லிப், கான்ட்ராக்டர் லெட்டர் கேட்டாங்க. ஸ்லிப் இருந்துச்சு, லெட்டருக்கு சூப்பர்வைசர் மூணு வாரம் போனே எடுக்கல. கடைசியில எங்கப்பா என் ரிப்போர்ட் பையை எடுத்துக்கிட்டு போயி கம்பெனி கேட்டுக்கு எதிர்ல டீக்கடையில காலைல இருந்து உக்காந்துட்டாரு, சாயங்காலம் லெட்டர் வந்துடுச்சு. இன்னிக்கே உங்க ஸ்லிப்ப எடுத்து ஐபி நம்பர் மாறியிருக்கான்னு பாருங்க, ஒடம்பு நல்லா இருக்கும்போதே. உடம்பு சரியில்லன்னு டிஸ்பென்சரில தர்ற சர்டிபிகேட்டையும் இடைவெளி விடாம வாங்கிட்டே இருக்கணும்.

முடி கொட்டினதெல்லாம் பெருசா தெரியல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு கெடக்கறதுதான் கஷ்டம், வீட்டுல யாரையும் எழுப்ப மனசு வராது. ஒரு நாள் 14416க்கு, மனசு கஷ்டத்துக்குப் பேசற டெலி மானஸ்ங்கற அரசாங்க ஹெல்ப்லைனுக்கு, போன் போட்டேன், தமிழ்லயே பேசினாங்க, பெருசா எதுவும் சொல்லல, நான் அழுது முடிக்கற வரைக்கும் போனை வெக்கல.

கீமோ முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்போ மூணு மாசத்துக்கு ஒருதரம் செக்கப். அந்த அக்காவோட கடைசி ரேடியேஷன் முடிஞ்ச அன்னிக்கு மைசூர்பாக் வாங்கிட்டுப் போயி குடுத்துட்டு வந்தேன். போன மாசம் சென்டர்ல இருந்து வருஷப் பணம் கட்டச் சொல்லி மெசேஜ் வந்துச்சு, நான் பாக்கறதுக்குள்ள அப்பா களத்துல இருந்தபடியே கேக்கறாரு, "வெதைக்குப் பணம் கட்டிட்டியாடா?"