புதுக் கிடாவின் வம்சக் கணக்கு: 3.125 சதவீதம்

புதுக் கிடாவும் என் பெட்டைகளும் எவ்வளவு நெருங்கிய உறவு, அவற்றுக்குப் பிறக்கும் குட்டியில் உறவுக்கலப்பு எத்தனை சதவீதம் என்ற கணக்கு ஒருவழியாக முடிந்தது. செங்குன்றத்தில் இருக்கும் என் தலைச்சேரி இன ஆட்டுப் பட்டியில் புதுக் கிடாவைத் தைரியமாக விடலாம். நெடுநாள் இழுத்த வேலை, சந்தோஷமாக இருக்கிறது.

"வேற ரத்தம் சார், கவலையே வேண்டாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். இவன் செங்கல்பட்டுப் பக்கத்தவன், பெட்டைகளுக்கு அப்பனான என் பழைய கிடா கருவாயன் திருவள்ளூர்ப் பக்கம். ஊர் வேறானால் ரத்தமும் வேறு என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஆனால் சென்னையைச் சுற்றி நாம் ஒருவரிடமிருந்து ஒருவர்தானே வாங்குகிறோம்! இரண்டு பண்ணைகளிலும் பழைய செல்போன் படங்களைக் கேட்டு வாங்கி, காதுத்தோட்டு எண்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதியவனுடைய தாயின் அப்பனும் கருவாயனின் அப்பனும் ஒரே கிடா.

இங்கேதான் பலர் பயந்து கிடாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தேவையில்லை. உறவுக்கலப்புச் சதவீதத்தை, அதாவது குட்டிக்கு அப்பன் வழியும் தாய் வழியும் ஒரே மூதாதையின் ஒரே மரபணு வந்து சேரும் வாய்ப்பைக் கணக்கிட, அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் 1922-இல் கொடுத்த வழி இருக்கிறது. குட்டியின் ஒரு பெற்றோரில் தொடங்கி, பொது மூதாதை வரை ஏறி, இன்னொரு பெற்றோர் வரை இறங்கவேண்டும். வழியில் நிற்கும் ஆடுகளை எண்ணி, அத்தனை முறை 1 என்ற எண்ணைப் பாதியாக்க வேண்டும். எனக்கு வந்த பாதை: புதியவன், அவன் தாய், பொதுத் தாத்தா, கருவாயன், கருவாயனின் மகள். ஐந்து ஆடுகள், 32-இல் ஒரு பங்கு, அதாவது 3.125 சதவீதம். கருவாயனையே அவன் மகள்களோடு விட்டிருந்தால் பாதையில் இரண்டே ஆடுகள், 25 சதவீதம். குட்டி எடை குறைவதும், இறப்பு கூடுவதும், பால் இறங்குவதும் சதவீதம் இப்படி ஏறும்போதுதான்.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. ஒரே பாதையில் ஒரு ஆடு இரண்டு முறை வரக்கூடாது; ஆனால் பாதைகள் பல இருந்தால் எல்லாவற்றையும் கூட்டவேண்டும். கூடப்பிறந்த அண்ணன் தங்கை என்றால் அப்பன் வழி எட்டில் ஒன்று, தாய் வழி எட்டில் ஒன்று, மொத்தம் கால் பங்கு. உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். பொதுத் தாத்தாவே நெருங்கிய உறவில் பிறந்தவன் என்றால் விடை கொஞ்சம் ஏறும்: அவனே 25 சதவீதமாக இருந்தால் எனக்கு 3.9 வரும். அப்போதும் வாங்கலாம். ஆனால் கிடாவின் சொந்தச் சதவீதத்தைப் பார்த்து அவனை ஒதுக்குவது தப்பு. உறவில்லாத பெட்டையோடு சேர்ந்தால் குட்டிக்குப் பூஜ்யம்தான்.

காதுத்தோடும் இடுக்கியும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பக்கத்துக் கடையில் வாங்கியவை. தோடு விழுந்தால் வம்சமே தொலைகிறது, அதனால் காதின் உட்புறம் பச்சையும் குத்துகிறேன். செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் நல்ல கிடாக்கள் வரும், அப்பன் யார் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. கொம்பில்லாத கிடா சாதுவாக இருக்கிறது என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: கொம்பில்லாத பெட்டையோடு சேர்த்தால் இருபாலாகப் பிறக்கும் மலட்டுக் குட்டிகள் வரலாம். ஒரு பக்கமாவது கொம்பு இருக்கட்டும்.

அடுத்து, மூன்று பட்டிக்காரர்கள் சேர்ந்து கிடாக்களை வட்டமாக மாற்றிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு கிடா, 20 பெட்டை என்று வெளி ஆடே சேர்க்காத மூடிய பட்டியில் உறவுக்கலப்பு தலைமுறைக்குச் சுமார் 13 சதவீதம் ஏறும். இரண்டு கிடா வைத்தால் ஏழுக்குள் நிற்கும். தீவனச் செலவு பெரிதில்லை, இடம்தான் பிரச்சினை.

பருவத்துக்கு வந்த இரண்டு பெட்டைகளைப் புதியவனிடம் விட்டாயிற்று. 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வராவிட்டால் சினை என்று வைத்துக்கொண்டு, குட்டி எடை போட நல்ல தொங்கு தராசு ஒன்று தேடவேண்டும்.