லென்ஸைக் கழுவுகிறீர்கள், டப்பாவை?

கான்டாக்ட் லென்ஸைப் பொத்திப் பொத்திப் பார்ப்பவர்கள்கூட, ராத்திரி முழுக்க அது ஊறும் டப்பாவைக் கண்டுகொள்வதில்லை. தொற்று பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறது. டப்பாவின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பான படலம் படியும். அதற்குள் பதுங்கிய சூடோமோனாஸ் மாதிரி பாக்டீரியாக்களை, லென்ஸை ஊறவைக்கும் கிருமிநாசினித் திரவமான சொல்யூஷன் எளிதில் எட்டாது.

காலையில் லென்ஸைப் போட்டதும் பழைய சொல்யூஷனை ஒட்டக் கொட்டுங்கள். புது சொல்யூஷன் விட்டு, கழுவிய விரலால் குழியைச் சுற்றித் தேய்த்து அலசுங்கள். டிஷ்யூவால் துடைத்து, மூடிகளைக் கழற்றி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். பாத்ரூமில் வேண்டாம். 3 மாதத்துக்கு ஒரு டப்பா போதும், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

‘நேற்று ஊற்றியது பாதி இருக்கிறதே’ என்று அதன் தலையில் புதிதை ஊற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான சிக்கனம். கிருமியோடு போராடிச் சக்தி இழந்த மருந்து புதியதையும் நீர்க்கச் செய்யும். 2006-இல் ஃபுசேரியம் பூஞ்சைத் தொற்று பரவியபோது, ரீனு மாய்ஸ்சர்லாக் என்ற லென்ஸ் சொல்யூஷனை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதைப் பயன்படுத்தியவர்களிலும், டப்பாவில் பழையதையே மறுபடி பயன்படுத்தியவர்கள் கூடுதலாகச் சிக்கியிருந்தார்கள்.

அடுத்தது தண்ணீர். குழாய், மாடித் தொட்டி, ஆர்ஓ, எதுவும் லென்ஸிலோ டப்பாவிலோ படக் கூடாது. அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொண்டால் குளோரினுக்கும் அசையாது. கருவிழியில் ஏறினால் மாதக்கணக்கில் சொட்டு மருந்துதான். அதனால் குளிக்கும் முன் கழற்றுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கையையும் நன்றாகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள்.

பாட்டிலில் ‘தேய்க்க வேண்டாம்’ என்று போட்டிருந்தாலும் தேய்ப்பதே நல்லது. உள்ளங்கையில் சில சொட்டு சொல்யூஷனோடு பக்கத்துக்கு 10 முதல் 20 விநாடி தேய்த்து, பிறகு அலசுங்கள். சலைன் என்ற உப்புக் கரைசல் அலச மட்டும்தான், கிருமியைக் கொல்லாது. 3% ஹைட்ரஜன் பெராக்சைடு வகை சொல்யூஷன் என்றால் அதற்கென்று வரும் டப்பாவிலேயே குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் கண் எரிந்துபோகும்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் உடனே லென்ஸைக் கழற்றுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ‘ரெட்னஸுக்கு’ என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சை வளரும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோனால், எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க உதவும்.