நூலை நிறத்தால் அடுக்கும் முன்

நூல் வைத்திருப்பவர்கள் பலரும் முதலில் நிறவாரியாகத்தான் அடுக்குகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கைக்கு வந்த சிவப்பு பருத்தியா, பாலியெஸ்டரா, ரேயானா என்று அவசரத்தில் தெரியாது. ரேயான் எம்பிராய்டரி நூல் நன்றாகப் பளபளக்கும். நனைந்தால் வலு குறையும். அதை எடுத்துச் சட்டையின் பக்கத் தையலைப் போட்டால், துவைக்கத் துவைக்கப் பிரிந்து வரும். அதனால் முதலில் வகை, அடுத்துப் பருமன், கடைசியில்தான் நிறம். உடுப்புத் தைக்கும் நூல், மிஷின் எம்பிராய்டரி நூல், கை எம்பிராய்டரிக்கான ஆறிழை நூல், பிரிக்க முடியாத முறுக்குள்ள பேர்ல் நூல், ஜரிகை போன்ற உலோக நூல், துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷினுக்கான கோன்கள் (கூம்பு வடிவ நூல்கண்டுகள்). ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா.

பருமன் எண்ணில் பலர் குழம்புவார்கள். மிஷின் நூலில் 30, 40, 50, 60 என்று எண் ஏற ஏற நூல் மெலியும். பேர்ல் நூலிலும் அப்படியே: 3 தடிமன், 12 மெல்லிசு. டெக்ஸ் என்ற இன்னொரு பருமன் அளவை அச்சிட்டிருந்தால் தலைகீழ். எண் கூடினால் தடிமன் கூடும். ரீலின் அடியில் ஒட்டிய சீட்டை அதனால்தான் உரிக்கக் கூடாது.

ஆறிழை நூல்தான் அதிகம் சிக்காகும். டிஎம்சி, ஆங்கர் என்ற இரு நிறுவனங்களின் நூலிலும் வழக்கமான சிட்டம் 8 மீட்டர். அட்டையில் சுற்றுவதாக இருந்தால், காகிதப் பட்டையைக் கழற்றும் முன்பே நிற எண்ணை அட்டையில் எழுதிவிடுங்கள், நிறுவனத்தின் பெயரோடு சேர்த்து. டிஎம்சியின் கறுப்பு 310, ஆங்கரின் கறுப்பு 403. வெறும் எண் மட்டும் இருந்தால் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெளிர் நிறங்களில் அடுத்தடுத்த இரண்டு எண்களை மின்விளக்கில் கண்ணால் பிரிப்பது மிகக் கடினம்.

சுற்றும்போது இழுத்துச் சுற்றாதீர்கள். இறுகச் சுற்றிய நூல் அட்டையின் விளிம்பில் மடிந்து, பிரித்தெடுத்த பிறகும் வளைந்தே நிற்கும். தையல் சீராகப் படியாது. அப்படி மடிந்திருந்தால் ஈரத் துணியில் ஒருமுறை உருவிக் காயவிடலாம். சாயம் இறங்கும் அடர்சிவப்பு, கருநீலத்தில் மட்டும் முதலில் ஒரு துண்டை வெள்ளைத் துணியில் வைத்து நனைத்துப் பாருங்கள். ஒரே வேலையில் பல நிறம் வருமானால் அட்டையில் சுற்றவே வேண்டாம். சிட்டத்தை 50 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 16 கிடைக்கும். துளையிட்ட அட்டையில் நிறத்துக்கு ஒரு துளை, அருகில் எண். மடிப்பு விழாது, ஊசி கோக்கும் நேரமும் மிச்சம்.

நூல் முனை அவிழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போடுவது கெட்ட பழக்கம். நாளானால் ரப்பர் இளகி நூலோடு ஒட்டும். அதிலுள்ள கந்தகம் உலோக நூலைக் கறுக்க வைக்கும். செல்லோடேப்பும் பசையை விட்டுப் போகும். ரீலின் விளிம்பில் உள்ள வெட்டில் முனையைச் செருகினால் போதும்.

சுவரில் ஆணி வைத்த பலகையில் நூல்களை வரிசையாக மாட்டும் அலங்காரத்தை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வெளிச்சம் படும் பக்கம் மட்டும் வெளிறும், உள்சுற்று அப்படியே இருக்கும். தைக்கும்போது ஒரே ரீலில் நிறம் திட்டுத்திட்டாக மாறும். புற ஊதாக் கதிர் வலுவையும் தின்னும், நைலானில் அது இன்னும் மோசம். மேலே படியும் தூசு, மிஷினில் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே போய்ச் சேரும். பலகைதான் வேண்டுமென்றால் அலமாரிக் கதவின் உட்புறத்தில் மாட்டுங்கள். மூடிய டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம். ஈரம் முழுக்கக் காயாத நூலை மட்டும் காற்றுப்புகாத டப்பாவில் மூடாதீர்கள்; பூஞ்சை பிடித்த பருத்தி நூலை மீட்க முடியாது.

மிஷினின் அடிநூல் சுற்றும் பாபினை, அதே நூலின் ரீலோடேயே ஒரு குச்சியில் கோத்து வையுங்கள். கிளாஸ் 15, எல் வகை பாபின்கள் தனியே பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும். முதலாவதன் உயரம் சுமார் 11.7 மி.மீ., இரண்டாவது சுமார் 8.9 மி.மீ. மாற்றிப் போட்டால் அடித்தையல் கெடும். பாலியெஸ்டரை முழு வேகத்தில் பாபினில் சுற்றினால் நூல் நீண்டுபோய்ச் சுற்றும். தைத்த பிறகு பழைய நீளத்துக்குச் சுருங்கும்போது துணியும் சுருக்கம் விழுந்து நிற்கும். டென்ஷன்தான் காரணம் என்று திருகைத் திருகிக்கொண்டிருப்பது வீண். நடுவேகத்தில் சுற்றுங்கள், விளிம்பு வரை நிரப்பாதீர்கள்.

உலோக நூலை அட்டைக்கு மாற்றவே கூடாது. முறுக்கு குலைந்து மேல்தகடு உரியும். அதன் ரீலிலேயே இருக்கட்டும். மிஷினில் செங்குத்துக் குச்சியில் மாட்டினால் ரீல் சுழன்று நூல் முறுக்கேறாமல் வரும்.

பழைய ரீல்களை அடுக்கும் முன் 30 செ.மீ. எடுத்து இரு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். நல்ல நூல் எதிர்த்து நின்று பட்டென அறும். இற்ற நூல் எதிர்ப்பே இல்லாமல் பிரிந்து போகும். மேல்சுற்று மட்டும் கெட்டிருக்கவும் கூடும்; சில மீட்டர் உருவி எறிந்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். அப்போதும் இற்றால், கையால் போடும் தற்காலிக ஓட்டுத் தையலுக்கு என்று எழுதித் தனி டப்பாவில் போடுங்கள். மிஷின் பக்கமே அது வரக்கூடாது.