எம்டனுக்கு நான்காவது புகைபோக்கி

'அவன் பெரிய எம்டன்' என்று பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரக் கப்பலை, முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் போர்க்கப்பலை, மாடலாக என் கையால் கட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை. 1/350 அளவு பிளாஸ்டிக் கிட் கைக்கு வந்ததும் மற்ற வேலைகள் எல்லாம் தள்ளிப்போயின. நிஜக் கப்பலின் நீளம் 118 மீட்டர். மாடல் 34 செ.மீ.கூட இல்லை.

பசை எடுப்பதற்கு முன் ஒரு நாளை முடிவு செய்ய வேண்டியிருந்தது. எந்த நாளின் எம்டன்? போருக்கு முன் சீனத் துறைமுகமான சிங்தாவில் நின்ற காலத்தில் உடல் வெள்ளை, புகைபோக்கிகள் மஞ்சள் சாயல். 'கிழக்கின் அன்னம்' என்று பெயர் வாங்கிய கோலம் அது. போர் மூண்டபோது சாம்பல் பூசிவிட்டார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கப்பலாகத்தான் நமக்கெல்லாம் அதைத் தெரியும். ஆனால் நான் எடுத்துக்கொண்டது அக்டோபர் 28 விடியற்காலை, பினாங்குத் துறைமுகம். காரணம், அன்று அதற்கு நான்கு புகைபோக்கிகள்.

உண்மையில் இருந்தவை மூன்று. யார்மத் என்ற பிரிட்டிஷ் குரூசர் வகைப் போர்க்கப்பலுக்கு நான்கு. அதைப் போலத் தெரிவதற்காகக் கேன்வாஸில் ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, நின்றுகொண்டிருந்த ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தார்கள். அந்த நான்காவது என் கிட்டில் கிடையாது. நானே செய்தாக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உடலின் இரண்டு பாதிகளை ஒட்டுவது, இணைப்பில் புட்டி வைத்துத் தேய்ப்பது எல்லாம் இரண்டு நாள் வேலை. பிரைமர் அடித்த பிறகுதான் இணைப்புக் கோடு கண்ணுக்குத் தெரியும் என்பதால் ஒரு முறை அடித்துப் பார்த்து, திரும்பத் தேய்த்தேன்.

பீரங்கிகள்தான் என்னை உட்கார வைத்துவிட்டன. மொத்தம் பத்து, ஒவ்வொன்றும் 10.5 செ.மீ. வாய். 350ஆல் வகுத்தால் 0.3 மி.மீ. கையால் சுழற்றும் ட்ரில்லுக்கு அதே 0.3 மி.மீ. ஊசி கிடைக்கும் என்பதால் வாயைச் சரியான அளவிலேயே துளைத்துவிடலாம் என்று இறங்கினேன். பிளாஸ்டிக் குழலில் ஓட்டை நடுவில் விழ மறுத்தது. ஊசி இரண்டு முறிந்தது. அப்புறம் பித்தளைக் குழாயை 12 மி.மீ. நீளத்துக்கு வெட்டிப் பத்தையும் மாற்றினேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

கொடிமரத்திலும் இதே கதை. ஸ்ப்ரூவை, அதாவது கிட்டின் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை, மெழுகுவர்த்திச் சூட்டில் இழுத்து முடி போன்ற இழையாக்கிக் கயிறுகள் கட்டினேன். கடைசிக் கயிற்றை இறுக்கியதும் பிளாஸ்டிக் மரம் வில்லாக வளைந்துவிட்டது. எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டு, பித்தளைக் கம்பியில் மரம் செய்து மறுபடி கட்டினேன். இப்போது நேராக நிற்கிறது.

இனி நிறம். சாம்பலை ஒரே சீராக அடித்தால் அது கடையிலிருந்து வந்த பொம்மை. இந்தக் கப்பல் அதற்குள் இரண்டு மாதத்துக்கும் மேல் துறைமுகத்தில் பழுது பார்க்காமல் கடலில் ஓடியது. நிலக்கரிக் கப்பலைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு, அலையில் ஒன்றோடொன்று உரச உரசக் கரி ஏற்றினார்கள். உரசிய இடத்தில் சாம்பல் போனால் அடியில் என்ன தெரியும்? பழைய வெள்ளை. இது என் யூகம்தான், ஆனால் இதை நினைத்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் முதலில் உடல் முழுக்க வெள்ளை அடித்தேன். காய்ந்ததும் மேலே ஹேர்ஸ்ப்ரே, அதன்மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாம்பல். அளவு சிறியதென்றால் நிறமும் சற்று வெளிர வேண்டும், இல்லையென்றால் கனமாகத் தெரியும். அதற்காகச் சாம்பலில் கொஞ்சம் வெள்ளை கலந்தேன். அரை மணி நேரம் கழித்து ஈரப் பிரஷால் மெல்லத் தேய்த்தால் ஹேர்ஸ்ப்ரே இளகிச் சாம்பல் மட்டும் உதிரும். முதல் முறை ஆசையில் அதிகம் தேய்த்து, பாதிக் கப்பல் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. இடது பக்கத்தை முழுக்கத் துடைத்துத் திரும்ப அடித்தேன். இரண்டாவது முறை நடுப்பகுதியில், கரிக்கப்பல் உரசியிருக்கக்கூடிய உயரத்தில் மட்டும் கை வைத்தேன். சாம்பலுக்கு அடியிலிருந்து அந்த அன்னம் ஒரு கீற்றாக எட்டிப் பார்த்தது. இந்த மாடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, அந்த நான்காவது. மெல்லிய கம்பியில் வளையங்கள் வளைத்து, தண்ணீர் விட்ட வெள்ளைப் பசையில் நனைத்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றினேன். காயும்போது அது தானாகவே லேசாகத் தொய்ந்து, துணியின் சுருக்கம் விழுந்தது. வழவழப்பாக்கவில்லை. மற்ற மூன்றின் உச்சியிலும் கரும்பொடியால் புகைக்கறை பூசினேன். இதற்கு மட்டும் இல்லை, அடியில் கொதிகலன் இல்லாத புகைபோக்கிக்கு ஏது கறை? பக்கத்தில் வந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

கைப்பிடி வேலிகள் ஒட்டியாயிற்று. வண்ணம் அடித்த பிறகு ஒட்டியதால் சூப்பர் குளூவின் ஆவி இரண்டு இடங்களில் வெள்ளைப் படலம் போட்டது. மேட் வார்னிஷ் அதை மறைத்துவிட்டது. அடுத்த கப்பலில் வேலியை முதலில் வைப்பேன்.

மீதி இருப்பது கொடி. டார்பிடோ விடுவதற்குச் சற்று முன்புதான் ஜெர்மன் கொடியை ஏற்றினார்கள். உச்சியில் பறக்கவிட்டால் வேஷம் கலைந்துவிட்டது, ஏற்றவே இல்லையென்றால் இன்னும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. காகிதத்தில் வரைந்து மடிப்பு விட்டு வைத்திருக்கிறேன். கயிற்றில் பாதி உயரத்தில், ஏறிக்கொண்டிருக்கும் நிலையில் ஒட்டப் போகிறேன்.