யார் மனமும் நோகாத மீம்: பிள்ளைகளோடு செய்து பார்த்த அனுபவம்

ஒரு படத்தில் வேடிக்கையாக ஒரு வரி சேர்த்தால் அதுதான் மீம். அதை எப்படிச் செய்வது என்று இன்றைய பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த டெம்ப்ளேட்டுக்கு, அதாவது எல்லோரும் எடுத்தாளும் எந்தப் படத்துக்கு, எந்த வரி பொருந்தும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். எதைப் பார்த்துச் சிரிப்பது என்பதில்தான் கூட உட்கார ஓர் ஆள் தேவைப்படுகிறது. இந்தக் கோடை லீவில் மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் அக்கா பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் சாயங்காலமானால் கூடி மீம் செய்தார்கள். எல்லோரும் 9 முதல் 13 வயதுக்குள். அக்கா பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு எல்லோருக்குமே நான் மாமாதான். எது சரிப்பட்டு வந்தது, எது வரவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆரம்பத்தில் ஆப் எதையும் திறக்கவில்லை. ஆப்பைக் கையில் கொடுத்தால் எழுத்தின் நிறத்தை மாற்றுவதிலேயே பொழுது போய்விடும். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் வீட்டில் நிறையக் கிடந்தன. என் போனில் ஒரு படத்தைக் காட்டி, ஆளுக்கு ஒரு தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொன்னேன். பெயர் போடக் கூடாது. தாள்களைக் குலுக்கி ஒருவர் படிப்பார். எது யார் எழுதியது என்று தெரியாததால் சின்னப் பிள்ளைகள்கூடக் கூச்சமில்லாமல் எழுதினார்கள்.

முதலில் வந்தவை முக்கால்வாசியும் உருவக் கேலிதான். குண்டு, கறுப்பு, நெட்டை, திக்குவாய். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நடக்கப் பழகிய நாளிலிருந்து டிவியில் அவர்கள் கேட்டு வளர்ந்த காமெடியே அதுதானே. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த வரிகளை எழுத அவர்கள் படத்தைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே வாயில் இருந்ததை அப்படியே தாளில் இறக்கிவிட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போனது. பால்கனியில் நின்ற பிள்ளைகளை ஒருவன் போட்டோ எடுத்தான். எதிர் வீட்டுப் பையன் கொஞ்சம் மாநிறத்துக்கும் கீழே. "கரண்ட் போச்சு, இவனையும் காணோம்" என்று ஒரு தாள் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் மற்ற படங்களுக்கெல்லாம் "காட்டு, காட்டு" என்று போனைப் பிடுங்குகிறவன், அந்தப் படத்தைக் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து நான் பார்க்கும் அடையாளம் அதுதான். சிரித்தானா என்று பார்க்க மாட்டேன், ஏனென்றால் கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். "எனக்கும் அனுப்பு" என்று கேட்டானா என்று பார்ப்பேன்.

அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. "இதே படத்தில் உன் மூஞ்சியை வைத்தால் இந்த வரி நிற்குமா?" என்று மட்டும் கேட்டேன். நிற்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்படியானால் சிரிப்பு அவன் தோலைப் பற்றியது, கரண்ட் போனதைப் பற்றியது கிடையாது. மறுபடி படத்தைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள்: "மாமா, எல்லாரும் ஒரே பக்கம் பாக்குறாங்க!" உண்மைதான். கரண்ட் போனதும் எல்லோரும் எதிர் வீட்டைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரி இப்படி வந்தது. மேலே: "கரண்ட் போனதும் ஃபேனைப் பாக்க மாட்டோம், எதிர் வீட்டைத்தான் பாப்போம்." கீழே: "அங்கேயும் போயிருந்தா… அப்பாடா!" எதிர் வீட்டுப் பையன் அதைத் தன் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று உடனே வாங்கிக்கொண்டு ஓடினான்.

இப்படி மூஞ்சியை மாற்றிப் பார்ப்பது எங்களுக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. பி.டி. பீரியடுக்குக் கணக்கு சார் வந்து நிற்கிற மீமில் யார் மூஞ்சியை வைத்தாலும் சிரிப்பு குறையாது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, டேங்க் நிரம்பி வழிய, தெருவே கத்துகிற மீமும் அப்படித்தான். இவற்றை எழுத, வீட்டையும் வகுப்பையும் உன்னிப்பாகப் பார்த்திருக்க வேண்டும். நல்ல மனதோடு செய்த மீம்தான் கூடுதலாகச் சிரிக்க வைக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

பிள்ளைகளின் அம்மாச்சி, அதாவது என் அம்மா விஷயம் இன்னும் அழகு. சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணனோடு அம்மா வீடியோ காலில் பேசும்போது போனை மடியில் சாய்த்து வைத்துக்கொள்வார். அந்தப் பக்கம் தெரிவது மேலே சுற்றும் ஃபேனும் விபூதிப் பட்டை போட்ட நெற்றியில் கால்வாசியும்தான். அக்கா மகன் முதலில் எடுத்த படம் பல் செட் இல்லாமல் அவர் வாய் திறந்து பேசுவது. அவன் அக்கா விடவில்லை. "அம்மாச்சிகிட்ட காட்டுவியா? காட்டுறதா இருந்தா வச்சுக்கோ" என்றாள். அவன் யோசித்து அழித்துவிட்டு, போனை அதே இடத்தில் மடியில் வைத்து ஃபேனைப் படம் எடுத்தான். "வாரா வாரம் அம்மாச்சியைப் பார்க்கும் பெரிய மாமா" என்று எழுதினான். கீழ் மூலையில் நெற்றி மட்டும். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "இதை உடனே பெரியவனுக்கு அனுப்பிவிடு ஆத்தா" என்றார்.

இடையிடையே நிஜக் கதைகளும் சொன்னேன். 2019 மே கடைசியில் காண்டிராக்டர் நேசமணிக்காக ஊரே பிரார்த்தனை செய்தது இவர்களுக்கு நினைவில்லை. ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் அதன் பெயரைச் சொல்லி, இது தலையில் விழுந்துதான் நேசமணிக்கு அடிபட்டது என்று சேர்த்துவிட்டார். வடிவேலு நடித்த ஒரு பாத்திரத்தின் உடல்நிலை ட்விட்டரில் உலக அளவில் ட்ரெண்ட் ஆனது. நிஜத்தில் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

இன்னொரு கதை வலி தருவது. கனடாவின் கியூபெக்கில் ஒரு பையன் 2002-இல் பள்ளியில் தனியாக ஒரு கம்பைச் சுழற்றி விளையாடி அதை வீடியோ எடுத்து வைத்தான். அடுத்த ஆண்டு உடன் படித்தவர்கள் அவனைக் கேட்காமலே அதை இணையத்தில் போட்டார்கள். உலகமே பார்த்துச் சிரித்தது. அவன் அந்தப் பள்ளியை விட்டே போக வேண்டியதாயிற்று. வழக்கு நடந்து 2006-இல் சமரசமானது. பின்னாளில் அவர் சட்டம் படித்தார். இதைக் கேட்டபின் பிள்ளைகளே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்: படத்தில் இருப்பவர் கையில்தான் போன் முதலில் போக வேண்டும். அவர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் அவர் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் அழித்த பிறகும் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும் என்று காட்டினேன். இப்போது அதையும் காலி செய்கிறார்கள்.

சொந்தமாக வாட்ஸ்அப் கணக்கு வைக்கவே 13 வயது ஆக வேண்டும் என்பதால் யார் பெயரிலும் கணக்கு தொடங்கவில்லை. மீம் எல்லாம் என் போனில் இருந்து, வீட்டாருக்கு மட்டும். பள்ளிச் சீருடை, ஐடி கார்டு, வீட்டு எண் படத்தில் தெரிந்தால் வெட்டிவிடுவோம். டாக்குமென்டாக அனுப்பினால் படம் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும், அதனால் சாதாரணப் படமாகவே அனுப்புகிறோம்.

எழுத்துரு விஷயத்தில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆங்கில மீம்களின் அடையாளம் இம்பாக்ட் என்கிற 1965-ஆம் ஆண்டு எழுத்துரு, வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரம். அதே ஓரத்தைத் தமிழுக்குப் போட்டால் ண, ணை, ஞ எல்லாம் சுழி அடைத்துப்போய், சின்ன போனில் படிக்க முடிவதில்லை. இப்போது படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வைத்து, பலூ தம்பி எழுத்துருவில் வெள்ளையாக எழுதுகிறோம். இலவசமாகக் கிடைக்கிறது, உருண்டையாக, பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரி இருக்கிறது. ஒரு பட்டையில் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. தங்கிலீஷில் எழுதிப் பழகிய 13 வயதுக்காரன்கூட வாய்ஸ் டைப்பிங்கில் சொல்லி, பிழைகளைக் கையால் திருத்தத் தொடங்கியிருக்கிறான்.

அடுத்தது வாட்ஸ்அப் ஸ்டிக்கர். 512-க்கு 512 பிக்ஸல், 100 கே.பி.க்குள், பின்னணி இல்லாமல் இருக்க வேண்டும். முதல் ஸ்டிக்கர் அம்மாச்சியின் நெற்றிதான் என்று ஒரே குரலில் முடிவாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால் விபூதியும் வெள்ளை, பின்னால் சுவரும் வெள்ளை. பின்னணியை நீக்கும்போது விபூதியும் சேர்ந்து போய்விடுகிறது. நீலப் போர்வையைப் பின்னால் பிடித்து மறுபடி எடுக்கலாம் என்று அக்கா மகன் சொல்கிறான். அம்மாச்சியிடம் கேட்டாயிற்று. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, புதிதாகப் பட்டை போட்ட பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.