கொறங்காட்டுக்குள் வந்த முயல் வேட்டை: நிறுத்த ஒன்றரை வருஷம் ஆனது

மூலனூர் பக்கத்தில் எங்களுக்குப் பதினோரு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டு வனம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது வனம் இல்லை. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் மேய்ச்சல் நிலம். ஏர் ஓட்டுவதில்லை. கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி, ஆடு மாடு உள்ளே போக ஒரு கடவு, அதற்கொரு படல். மழை குறைந்த மண்ணில் காங்கேயம் மாடுகளை வளர்த்தது இந்தப் புல்தான். புல் நின்றால் முயலும் கௌதாரியும் நிற்கும். வேட்டைக்காரர்கள் வருவதும் அதனால்தான்.

அப்பா இருந்தவரை தினமும் காட்டில் இருப்பார். 2021-இல் அவர் போன பிறகு, திருப்பூரில் வேலை பார்க்கும் நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வருவேன். பெரியம்மாதான் ஆடுகளைப் பார்த்துக்கொண்டார். 2024 பொங்கல் கழிந்த நாலாம் நாள் விடியற்காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. "சாமி, ராத்திரி லைட்டு அடிச்சுக்கிட்டு நாயோட வந்துட்டானுங்க. நான் ஒருத்தி என்னத்தச் சொல்றது? செனையாடு ரெண்டு போச்சு."

போய்ப் பார்த்தேன். ஒன்றின் கழுத்தை நாய் கவ்வியிருந்தது. இன்னொன்று மிரண்டு ஓடி வேலியில் சிக்கிச் செத்திருந்தது. இட்டேரி, அதாவது இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம், அதன் ஓரமாக மூன்று இடங்களில் கிளுவையை வெட்டி ஆள் நுழையும் அளவுக்கு வழி பண்ணியிருந்தார்கள். அதே வழியில் எங்கள் கன்றுக்குட்டி வெளியேறி பக்கத்துத் தோட்டத்து முருங்கையை மேய்ந்துவிட, அந்தச் சண்டையும் அன்றைக்கே எங்கள் தலையில் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி நானே காட்டில் படுத்தேன். பதினோரு மணி வாக்கில் ஆறு பேர், நெற்றியில் கட்டின லைட்டோடு வந்தார்கள். கூடவே நாலு நாய்கள். "அண்ணா, இது பட்டாக் காடுங்க, ஆடு செத்துருச்சுங்க" என்றேன். ஒருவர் நின்று, "மொசலு உங்க பட்டாவுலயா எழுதியிருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தனியாக நின்று பேசியதும் தப்பு. ஆள் பலம் அவர்கள் பக்கம், கையில் தடி, இருட்டு. யாரும் இப்படிப் போய் நிற்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காவல் நிலையம் போனேன். முயல் என்றதும் வனத்துறைக்குப் போகச் சொன்னார்கள். வனத்துறை அலுவலகத்தில் இருந்தவர், பட்டா நிலத்துக்குள் ஆள் வந்தால் அது போலீஸ் விஷயம் என்றார். இரண்டு இடத்திலும் வாய்வார்த்தையாகவே சொன்னேன், கையில் ஒரு காகிதம் இல்லை. எந்தெந்தப் பக்கம் எங்கள் எல்லை என்று கேட்டபோது, "அந்த வேப்பமரத்துல இருந்து" என்று தொடங்கினேன். அங்கேயே எனக்கு உறைத்தது.

அதனால் முதலில் அளவை. இ-சேவை மையத்தில் அத்து காட்ட, அதாவது எல்லையை அளந்து காட்ட, மனுப் போட்டேன். பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் வைத்துப் பார்த்தபோதுதான் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கூட்டாக இருப்பது தெரிந்தது. பெரியம்மா, அத்தை எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிப் பெயர் மாற்றவே இரண்டு மாதம் ஓடியது. அப்பா இருந்தபோதே செய்திருக்க வேண்டிய வேலை. சித்திரை கடைசியில் சர்வேயர் வந்தார். பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் போயிருந்ததால் மூன்று பேர் வந்து நின்றார்கள். நாலு அத்துக்கல்லில் இரண்டு மண்ணுக்குள் புதைந்து கிடந்தன, தோண்டினதும் கிடைத்தன. ஒன்று வெளியிலேயே இருந்தது. தென்மேற்கு மூலைக் கல் மட்டும் இல்லவே இல்லை.

அளந்த அன்று இன்னொன்றும் தெரிந்தது. நாங்கள் கிழக்கு ஓரத்தில் அடைக்க நினைத்திருந்த ஒற்றையடித் தடம், பின்னால் இருக்கும் இரண்டு குடும்பங்கள் என் தாத்தா காலத்திலிருந்து நடக்கும் வழி. இருபது வருஷத்துக்கு மேல் தடையில்லாமல் நடந்த வழிக்கு அவர்களுக்கு உரிமை உண்டு, 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நான் கோபத்தில் அதையும் அடைத்திருந்தால் எனக்கு ஆதரவாகப் பேச வேண்டியவர்களே எதிராகப் போயிருப்பார்கள். அந்தத் தடத்தை விட்டுவிட்டு உள்ளே தள்ளி வேலி போட்டோம். வேட்டை வெளிச்சம் தெரிந்தால் இன்றைக்கு எனக்கு முதலில் போன் பண்ணுவது அந்த இரண்டு வீட்டுக்காரர்கள்தான்.

வேலி விஷயத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கல்தூண் நட்டு முள்கம்பி இழுக்க விலை கேட்டேன், ஆட்டில் வரும் வருமானத்துக்குக் கட்டவில்லை. ஒருவர் ராத்திரி மட்டும் கம்பியில் கரண்ட் விடச் சொன்னார். அதை நான் காது கொடுத்துக் கேட்கவே தயாராக இல்லை. லைனிலிருந்து நேராக இழுக்கும் கரண்ட் வேட்டைக்காரரையும் கொல்லும், வழி தவறி வரும் குழந்தையையும் கொல்லும், சட்டப்படியும் குற்றம்.

கிளுவைதான் சரி என்று பெரியம்மா பிடிவாதமாக இருந்தார். கோடை மழை விழுந்த மறுநாள், பழைய வேலியில் முற்றின கொம்புகளை நெஞ்சு உயரத்துக்கு வெட்டி, சாணுக்கு ஒன்றாக நெருக்கி ஊன்றினோம். வெள்வேல முள்ளை வெட்டி வெளிப்பக்கம் அடைத்தோம், இல்லாவிட்டால் துளிரை ஆடே கடித்துத் தீர்த்துவிடும். கூலி மட்டும்தான் செலவு. இட்டேரிப் பக்கம் நூற்றுச் சொச்சம் கொம்பு ஊன்றியதில் கால்வாசி பட்டுப்போனது. மீதி வேர் பிடித்தது. ஆள் நுழைய முடியாத வேலியாக இரண்டு மூன்று வருஷம் ஆகும். ஆனால் ஆனபின் அது நம் பேரன் காலம்வரை நிற்கும்.

கடவில் ஒரு போர்டு வைத்தேன். "அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்" என்று சிவப்பில். ஒரு வாரத்தில் பிடுங்கி வீசியிருந்தார்கள். இரண்டாவது போர்டில் வாசகத்தை மாற்றினேன்: "இது ஆடு மாடு மேயும் பட்டா நிலம். உள்ளே சினையாடுகள் உள்ளன. நாய் விட வேண்டாம், தீ வைக்க வேண்டாம், வேட்டையாட வேண்டாம். தேவை இருந்தால் கூப்பிடுங்கள்." கீழே என் போன் நம்பர். அது இன்னும் நிற்கிறது. இரண்டு பேர் கூப்பிட்டும் இருக்கிறார்கள், ஒருவர் தேன் எடுக்க, ஒருவர் காணாமல் போன மாட்டைத் தேட.

செப்டம்பரில் மறுபடி வந்தார்கள். இந்த முறை வேறு கூட்டம், டவுனிலிருந்து பைக்கில். புதருக்கு அடியில் பைக் கிளட்ச் கம்பியில் செய்த கண்ணிகள் ஐந்து இருந்தன. பெரியம்மா பிடுங்கப் போனார், நான் தடுத்தேன். அப்படியே விட்டு, பின்னால் அத்துக்கல்லும் வெள்வேல மரமும் தெரியும்படி போட்டோ எடுத்தேன். பைக் நம்பர் இரண்டைப் பக்கத்து வீட்டுக்காரர் தூரத்திலிருந்தே குறித்து வைத்திருந்தார். புகாரை எழுத்தில், இரண்டு பிரதியாக, சர்வே எண், புலப்பட நகல், போட்டோவோடு முதலில் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றதற்கு முத்திரை வாங்கினேன். அந்த நகலை இணைத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தேன். இந்தத் தடவை மனு ரசீது கையில் வந்தது.

வனவர் ஒருவர் மறுநாளே நேரில் வந்தார். கண்ணிகளை அவர்தான் எடுத்தார். உட்கார்ந்து நிதானமாக எனக்கு விளக்கினார். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வனத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முயலைப் போல அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் உயிரினத்தை எங்கே வேட்டையாடினாலும் குற்றம்தான், பட்டா நிலமானாலும். கண்ணி வைப்பதும் விரட்டுவதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டையே. மூன்று வருஷம்வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம்வரை அபராதம். மயிலோ உடும்போ சிக்கினால் தண்டனை இன்னும் கடுமை. "நீங்களே உங்க காட்டுல மொசல் புடிச்சாலும் நான் உங்க மேல கேஸ் போடணுங்க" என்றார்.

எட்டு மாதமாக எனக்குள் குடைந்துகொண்டிருந்த கேள்விக்கு அதுதான் பதில். முயல் என் பட்டாவில் எழுதவில்லை, உண்மைதான். யார் பட்டாவிலும் எழுதவில்லை. அதனால் அதை அடிக்க எனக்கும் உரிமையில்லை, அவர்களுக்கும் இல்லை, நான் அனுமதி கொடுத்தாலும் செல்லாது.

காவல் நிலையத்திலும் ஒரு விஷயம் புரிந்தது. ஒருவர் நம் நிலத்தில் கால் வைத்ததாலேயே அது குற்றமாகிவிடாது. குற்றம் செய்யும் நோக்கத்தோடோ, மிரட்டவோ தொந்தரவு செய்யவோ வந்தால்தான் அத்துமீறல் குற்றம். 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு. மூன்று மாதம்வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். வேட்டையே குற்றம் என்பதால் கண்ணியோடு வருபவரின் நோக்கத்தைத் தனியாக நிரூபிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. கண்ணியைப் பிடுங்கி எறியாமல் விட்டது இதற்குத்தான் உதவியது. பைக்கில் வந்தவர்களை அழைத்து விசாரித்தார்கள். அந்தக் கூட்டம் அதோடு வரவில்லை.

முதன்முதலில் ஜனவரியில் வந்த கூட்டம் வேறு. அதில் இரண்டு பேர் பக்கத்து ஊர்தான். ஒருவரின் அப்பா எங்கள் காட்டில் வேலி அடைத்தவர். அவர்மேல் புகார் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பெரியம்மா சட்டம் எதுவும் பேசவில்லை. "உங்கப்பன் ஊனுன கிளுவைய நீ வெட்டிப்போட்டயேப்பா" என்றார், அவ்வளவுதான். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, செத்த ஆட்டுக்குப் பணம் தருகிறேன் என்றார். வேண்டாம், வேலி அடைக்க வாருங்கள் என்றேன். வந்தார், இரண்டு நாள்.

இவ்வளவு செய்தும் காட்டை உண்மையில் காத்தது ஆள் இருப்புதான் என்பது என் எண்ணம். 2025 தை மாதத்திலிருந்து மேய்ச்சலை ஒரு ஆட்டுக்காரக் குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்கு விட்டிருக்கிறேன். நாற்பது மேச்சேரி ஆட்டோடு அவர்கள் அங்கேயே பட்டி போட்டுத் தங்குகிறார்கள். ராத்திரி ஒரு விளக்கு எரிகிறது, இரண்டு நாய் குரைக்கிறது. அதற்குமுன் மூன்று வருஷமாக இருட்டாகக் கிடந்த காட்டை, கேட்பாரற்ற காடு என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டதில் என் பங்கும் உண்டு. வாடகையில் நான் விட்டுக்கொடுக்கும் பணம் கம்பி வேலியின் வட்டிக்குக்கூடக் காணாது.

முயலைக் கிளப்பப் புல்லில் தீ வைப்பதுதான் இன்னும் பயம். பங்குனியில் காய்ந்த கொழுக்கட்டைப் புல் ஒரு தீக்குச்சிக்கு ஏக்கர் கணக்கில் போய்விடும், அந்த வருஷ மேய்ச்சலும் போச்சு. அதனால் இந்தக் கோடையில் வேலியோரம் ஆறடி அகலத்துக்குப் புல்லை அறுத்து எடுத்துவிட்டோம். ஆட்டுக்காரர் இரண்டு டிரம் தண்ணீர் எப்போதும் நிரப்பி வைக்கிறார்.

போன ஞாயிறு விடியும்போது காட்டில் இருந்தேன். கடவுக்குப் பக்கத்துப் புதரில் கௌதாரி கத்தியது, வடக்கே இன்னொன்று பதில் கொடுத்தது. தென்மேற்கு மூலைக் கல்லுக்கு மறு அளவை மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அது நடும்வரை அந்த மூலையில் நாற்பது அடி வேலி போட முடியாது. அந்த இடத்தில் மட்டும் முள்ளை அடைத்து வைத்திருக்கிறோம்.