பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி

போன மாதம் பெரியம்மா தில்லி மயூர் விஹார் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். பெரியப்பா போய் ஒன்றரை வருஷமாகிறது. மூட்டை கட்ட உதவிக்குப் போயிருந்தேன். திவானுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டு, "இதையெல்லாம் அவர் இருக்கும்போதே தூக்கிப் போடச் சொன்னேன், கேட்டாரா? கீழே கபாடிவாலா நிக்கிறான், கூப்பிடட்டுமா?" என்றார்.

"ஒரு நிமிஷம் இருங்க பெரியம்மா" என்றேன். அந்த ஒரு நிமிஷம் மூன்று மணி நேரமானது.

பெரியப்பா தில்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். ஆர்.கே.புரத்தில் குடியிருந்த காலத்தில், எழுபதுகளில், கோடை விடுமுறைப் பயிற்சி வகுப்புகளுக்கு அரவிந்தோ மார்க் வரை பஸ்ஸில் போய் வருவார். அங்கே கொடுத்த தாள்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். எல்லாம் சைக்ளோஸ்டைல் பிரதிகள். ஆங்கில 'ஓ' எழுத்துகளின் வயிற்றில் மை அடைத்துக் கிடக்கிறது. குண்டூசி துருப்பிடித்து நாலு தாளுக்குப் பழுப்புப் பொட்டு வைத்திருக்கிறது. ராமபாணப் பூச்சி ஒரு கட்டுரையின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நேர்கோட்டில் துளை போட்டிருக்கிறது. என்னைவிட ஒழுங்கான வாசகர்.

பாதிக்கு மேல் பெஞ்சமின் புளூம். சிகாகோ பல்கலைக்கழகத்துக் கல்வி உளவியலாளர். பி.எட். படித்த யாருக்கும் இந்தப் பெயரைக் கேட்டால், கற்றல் நோக்கங்களை அவர் பிரித்த ஆறு படிகளை வாய் தானாக ஒப்பிக்கும்: அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாராய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல். நானும் ரெக்கார்டு நோட்டில் ஆறு கலர் பென்சிலால் பிரமிடு வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியவள்தான். 1956-இல் வந்த மூலப் புத்தகத்தில் பிரமிடே கிடையாது, பின்னால் யாரோ கட்டியது. அந்தப் புத்தகமே வாத்தியார்களுக்காகத் தொடங்கிய வேலை இல்லை. 1948-இல் பாஸ்டனில் கூடிய கல்லூரித் தேர்வாளர்கள், ஒருவர் எழுதிய கேள்வியை இன்னொருவர் பயன்படுத்த ஒரு பொதுப் பட்டியல் வேண்டும் என்று பேசியதில்தான் அதன் விதை. புளூமும் சிகாகோவில் தேர்வாளராக இருந்தவர். ஆகக் கேள்வித்தாள்காரர். 1957-இல் ஃபோர்டு ஃபவுண்டேஷன் மூலமாக இந்தியா வந்து பயிற்சிப் பட்டறைகள் நடத்தியதும் இங்கே தேர்வு முறையைச் சீர்திருத்தத்தான்.

அந்த வருகையின் வாரிசுதான் நம் ஊர் 'புளூ பிரிண்ட்'. கேள்வித்தாள் எழுதுவதற்கு முன்னால் கட்டம் போட்டு, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க், அதில் அறிவுக்கு எவ்வளவு, புரிதலுக்கு எவ்வளவு என்று பிரிப்பது. ஆறு படிகள் இங்கே வந்து அறிவு, புரிதல், பயன்பாடு, திறன் என்று நாலாகிவிட்டன. பெட்டியில் கிராஃப் தாளில் பெரியப்பா போட்ட புளூ பிரிண்ட் ஒன்று இருந்தது. பயன்பாட்டுக்கு நேரே முதலில் 30 எழுதி, ரப்பரால் அழித்து 20 ஆக்கி, மறுபடி அழித்து 10. அந்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிகிறது. அறிவுக்கு எதிரே எண் ஏறிக்கொண்டே போகிறது. ஓரத்தில் ஒரே ஒரு சொல்: 'ரிசல்ட்'. யார் கேட்டு அழித்தார் என்று எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை, நானும் பள்ளியில் வேலை பார்த்தவள்தான்.

நான் மாட்டிக்கொண்டது வேறொரு தாளில். 1968-இல் புளூம் எழுதிய 'லேர்னிங் ஃபார் மாஸ்டரி'. தேர்ச்சிக் கற்றல் என்று பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்தது. முழுக் கட்டுரையை இப்போதுதான் படிக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே, ஒவ்வொரு ஆசிரியரும் வகுப்பைத் தொடங்கும்போதே மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் நன்றாகக் கற்பார்கள், ஒரு பங்கு ஓரளவுக்குக் கற்கும், ஒரு பங்கு தேறாது அல்லது ஒப்பேற்றும் என்று மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார் என்கிறார். பெரியப்பா அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில், தமிழில் எழுதியிருக்கிறார்: "நம்ம கிளாஸ்ல பாதி."

அடுத்தது இன்னும் காரம். மணி வடிவ வளைகோடு இருக்கிறதே, நடுவில் கூட்டமும் இரண்டு ஓரங்களில் சிலருமாக, அது தற்செயலாக நடப்பவற்றின் வடிவம். கற்பித்தல் தற்செயல் இல்லை, வேண்டுமென்று செய்வது. அப்படியிருக்க மார்க்குகளும் அதே மணியாக விழுந்தால் நம் உழைப்பு பலிக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்கிறார். உளவியலாளர் ஜான் கேரல் 1963-இல் சொன்னதை எடுத்துக்கொண்டு, திறமை என்பது ஒருவருக்குக் கற்க ஆகும் நேரம், அவ்வளவுதான் என்று நகர்கிறார். நேரமும் தகுந்த உதவியும் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேலும் தேற முடியும். சின்னப் பாடம், சின்ன டெஸ்ட், எங்கே இடறினார்களோ அதை மட்டும் வேறு வழியில் சொல்லிக்கொடுத்து மறுபடி டெஸ்ட். பிரமிடு வரைந்த கைக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்று சொல்ல ஆசைதான். சொன்னார்கள், இரண்டு மார்க் கேள்வியாக.

சாயங்காலம் என்னிடம் டியூஷனுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒருவனைப் பற்றி அவன் அம்மாவிடமே, "கணக்கு அவனுக்கு வராதுங்க, பாஸ் பண்ண வைக்கறேன்" என்று சொல்லியிருந்தேன். அந்த மூன்றாவது பங்கு. பெட்டியைப் பிரித்த வாரம் அவன் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 3/4 − 2/3 = 1/1 = 1. நான் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு, 'கேர்லெஸ்' என்று எழுதியிருக்கிறேன். அவன் கவனக்குறைவாகவே செய்யவில்லை. மேலே மூன்றில் இரண்டு போனால் ஒன்று, கீழே நாலில் மூன்று போனால் ஒன்று. கழித்தல் அத்தனையும் சரி. பின்னம் என்பதை மாடியும் கீழுமாக இரண்டு தனி எண்கள் என்று ஆறாம் வகுப்பிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறான், ஒருவரும் கேட்கவில்லை.

அடுப்பில் இருந்த சப்பாத்தியை எடுத்துப் பன்னிரண்டாக வெட்டினேன். முக்கால் எத்தனை? ஒன்பது துண்டு. மூன்றில் இரண்டு? எட்டு. மிச்சம் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "முழு சப்பாத்தின்னு எழுதியிருந்தேனா?" என்று சிரித்தான். அப்புறம் அதைத் தின்றுவிட்டான்.

ஒரே டெஸ்டில் தீரவில்லை. மூன்றாவது டெஸ்டில்தான் பத்துக்கு ஒன்பது.

புளூம் 1984-இல் எழுதிய இன்னொரு கட்டுரையும் இணையத்தில் கிடைத்தது. தனியாகச் சொல்லிக்கொடுத்தால் சராசரி மாணவன் சாதாரண வகுப்பில் 98 சதவீதம் பேரைவிட மேலே போய்விடுகிறான் என்ற கணக்கு. டியூஷன் டீச்சருக்கு இதைவிட விளம்பரம் வேண்டுமா! பின்னால் வந்த ஆய்வுகளில் வித்தியாசம் அத்தனை பெரிதாக இல்லை. அதோடு அவர் கேட்டதே வேறு: ஆளுக்கொரு வாத்தியார் வைக்க எந்த ஊருக்குக் கட்டுப்படியாகும், அதற்கு ஈடான பலனை வகுப்பறையிலேயே எப்படிக் கொண்டுவருவது? என் பிழைப்பே இருக்கக்கூடாது என்றுதான் அர்த்தம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், சிலபஸ் துரத்தும்போது, மூன்றாவது டெஸ்ட் வைக்க நேரம் எங்கே என்று அவரை எதிர்த்துக் கேட்கவும் எனக்கு ஆசை உண்டு. பெரியப்பாவும் கேட்டிருப்பார் போல. பெட்டியில் இருந்த அந்த 1968 கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் 'பீரியட்?' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

தாள்களை நான் எடுத்துக்கொண்டேன். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி நூலால் கட்டி வைத்திருக்கிறேன். டிரங்குப் பெட்டியை மட்டும் பெரியம்மா விடவில்லை, "நல்ல தகரம், அரிசி போட்டு வைக்கலாம்" என்று சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்.

பையனுக்கு இந்த வாரம் சதவீதம் ஆரம்பித்திருக்கிறேன். முதல் டெஸ்டில் பத்துக்கு நாலு. வியாழக்கிழமை இன்னொன்று.